தகரக் கூரைப் பட்டறை: ஃபேன் போட்டால் இன்னும் சுடுகிறது, என்ன செய்யலாம்?

மரச்சீவல்:

வீட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. முதலில் கார் நிறுத்தத்தான் கட்டினேன். கார் வாசலுக்குப் போய்விட்டது, மரவேலை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 20க்கு 12 அடி, உயரம் 10 அடி. ஹாலோ பிளாக் சுவர், மேலே கருநீலக் கலர் ஷீட். முன்பக்கம் மேற்குப் பார்த்த இரும்பு ஷட்டர், தெற்கில் ஒரே ஒரு ஜன்னல்.

காலை பத்து மணி வரை பரவாயில்லை. பதினொன்றுக்கு மேல் ஷீட் டக், டக் என்று விரிய ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை ஓடாது. இரண்டு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. ஷட்டரை மூடினால் அந்த இரும்பே அனல் அடிக்கிறது. திறந்தால் மேற்கு வெயில் பெஞ்சுக்கால் வரை வந்துவிடுகிறது.

சும்மா புலம்ப வேண்டாம் என்று, காற்றை அளக்க ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரும், ஷீட், தரை போன்ற பரப்புகளைத் தொடாமல் அளக்க ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் வாங்கி அளந்தேன். மதியம் மூன்று மணி, ஷட்டர் திறந்திருக்கும்போது: வெளியே நிழலில் 38 டிகிரி, உள்ளே பெஞ்சுக்கு மேல் காற்று 44. ஷீட்டின் அடிப்பக்கம் 66. தரை 34. ஷட்டரை மூடி வைத்து அதன் உள்பக்கத்தை அளந்தால் 52.

இதுவரை செய்த ஒரே வேலை, நடுவில் ஒரு சீலிங் ஃபேன் மாட்டியது. போட்டால் துருத்தி வைத்து ஊதுவது போல இருக்கிறது. அணைத்தால் நின்ற இடத்திலேயே நனைகிறேன். மனைவி ஒரு நாள் எட்டிப் பார்த்து, "மரத்தைக் காயவைக்கிறீர்களா, உங்களையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விளையாட்டில்லை, வேலையும் கெடுகிறது. டேபிள் சா என்ற மேசை ரம்பத்தின் வார்ப்பிரும்பு மேசையில் வேர்வை சொட்டிய இடமெல்லாம் மறுநாள் துருப் புள்ளிகள். போன வாரம் எபாக்ஸி பசை கலந்தேன். டப்பாவில் இறுக 40 நிமிடம் என்று போட்டிருந்தது. கால் மணி நேரத்தில் கப்பிலேயே புகைந்து கல்லாகிவிட்டது. கப்பும் உருகி மேசையோடு ஒட்டிக்கொண்டது, உளி போட்டுத்தான் எடுத்தேன்.

மூன்று யோசனை வைத்திருக்கிறேன். பெரிய ஏர் கூலர் ஒன்று வைப்பதா? ஏசியே போட்டுவிடுவதா? இல்லை, ஷீட்டுக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்:

முதலில் அந்த சீலிங் ஃபேனை அணையுங்கள். சூடான காற்று மேலே போய் ஷீட்டை ஒட்டித் தேங்கி நிற்கும். நீங்கள் அதைப் பிடித்து இழுத்து உங்கள் தலையிலேயே கொட்டிக்கொள்கிறீர்கள். கான்கிரீட் கூரைக்கு சீலிங் ஃபேன் சரி. தகரத்துக்கு அடியில் அது வேண்டாத வேலை. பெஞ்சு உயரத்தில், பக்கவாட்டில் ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்தால் அதே மின்சாரத்தில் நிம்மதி கிடைக்கும். ஃபேன் எதுவானாலும் அறையைக் குளிர வைக்காது, வேர்வையைத்தான் காய வைக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் எடுத்த அளவிலேயே இருக்கிறது. காற்று 44, ஷீட் 66. உங்களை வாட்டுவது காற்று மட்டுமில்லை. நெருப்புக்கு முன்னால் குளிர் காயும்போது முகம் சுடும், முதுகு சில்லென்று இருக்கும். இரண்டுக்கும் காற்று ஒன்றுதான், ஆனால் முகம்தான் நெருப்பைப் பார்க்கிறது. உங்கள் உச்சந்தலை நாள் முழுக்க 66 டிகிரித் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கணக்காகவே சொல்கிறேன். மேகம் இல்லாத உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். உங்கள் கூரை 22 சதுர மீட்டர். அதாவது 22 கிலோவாட் மேலே விழுகிறது. கருநீலம் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். காற்று கொண்டுபோவது, வானத்துக்குத் திரும்பிப் போவது எல்லாம் கழித்தாலும், ஷீட்டின் அடிப்பக்கத்திலிருந்து கதிராக மட்டும் 4 கிலோவாட் அளவுக்கு உள்ளே இறங்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி நாலை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, கீழே நின்று இழைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டுமா, கூலர் வாங்க வேண்டுமா?

கூரைக்கு மேலே வெள்ளை அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட், இரண்டு கோட். வெள்ளைதான், சில்வர் இல்லை. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பளபளவென்று இருந்தால் வெயில் தெறித்துவிடும் என்று அலுமினிய பெயின்ட் அடித்தேன். வெயிலில் ஒரு பகுதி தெறித்தது உண்மை. ஆனால் உலோகப் பூச்சுக்கு இன்னொரு குணம் உண்டு, வாங்கிய சூட்டைக் கதிராக அவ்வளவாக வெளியே விடாது. வெள்ளை பெயின்ட் இரண்டையும் செய்யும்: வெயிலைத் திருப்பும், மிச்சச் சூட்டையும் வானத்துக்கு விடும். ஒரே வெயிலில் சில்வர் ஷீட்டில் கை வைக்க முடியாது, வெள்ளையில் வைக்கலாம். அந்த ஷெட்டுக்கு மறு வருடம் திரும்பவும் ஏணி போட்டேன்.

தெர்மோகோல் பற்றி வெல்டிங் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லட்டும்.

ஈரக்காற்று:

ஸ்பேனர் அண்ணன் கூலரை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார், நான் அதன் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் சூடு வேண்டும். மணிக்கு 6 லிட்டர் குடிக்கிற கூலர் அந்த 4 கிலோவாட்டை அப்படியே விழுங்கிவிடும். என் பட்டறையில் ஐந்து வருடமாக ஓடுகிறது, நான் வேறு எதுவும் செய்யவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை, காற்று வறண்டிருக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி, ஃபேனுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிடியுங்கள். அது காட்டும் எண்ணுக்குக் கீழே எந்தக் கூலரும் இறங்காது. உலர்ந்த தெர்மாமீட்டருக்கும் அதற்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். நாலைந்துதான் என்றால் காசு வீண், கசகசப்புதான் மிஞ்சும். கூலர் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்துகிறவர்களும் உண்டு. ஈரம் வெளியே போக வழி இல்லாவிட்டால் அரை மணியில் குளியலறை மாதிரி ஆகிவிடும்.

மரச்சீவல்:

@ஈரக்காற்று, ஈரத்துணி வைத்துப் பார்த்தேன். வெளியே உலர்ந்தது 38, ஈரத்துணியில் 31. நடுவில் மாட்டிக்கொண்டேன். அதோடு மேசை துருப்பிடிக்கும் என்ற பயமும் இருக்கிறது. ஈரம் ஏறினால் இழைத்து வைத்த பலகையும் வளையும். கூலர் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

ஆர்க்:

வெல்டிங் வேலை செய்பவன் என்று கூப்பிட்டதால் வருகிறேன். தெர்மோகோல் வேண்டாம் சார். என் அனுபவம் கேளுங்கள். ஷீட்டுக்கு அடியிலும் பின் சுவரிலும் இரண்டு அங்குலத் தெர்மோகோல் ஒட்டி, சூடு குறைந்தது என்று மூன்று மாதம் பெருமையாகத் திரிந்தேன். ஒரு நாள் கிரைண்டரில் ஒரு இரும்பு ஆங்கிளை வெட்டிக்கொண்டிருந்தேன். பொறி முழுக்கச் சுவர்ப் பக்கம் போனது எனக்குத் தெரியவில்லை. முதலில் ஒரு நாற்றம். திரும்பிப் பார்த்தால் தெர்மோகோலில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் ஓரத்திலிருந்து கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக உருகி விழுகிறது, விழுகிற சொட்டெல்லாம் எரிந்துகொண்டே விழுகிறது. பக்கத்தில் வாளியில் மணல் இருந்ததால் தப்பித்தேன். அன்று சாயந்திரமே முழுவதையும் உரித்து எறிந்தேன்.

பொறி பறக்காத பட்டறையாக இருந்தாலும் உங்களிடம் மரத்தூள் இருக்கிறது, தின்னர் இருக்கிறது. மூடாத தெர்மோகோலை அங்கே வைக்காதீர்கள். பஞ்சு வேண்டுமென்றால் ராக் வூல் வையுங்கள், அது எரியாது. கையுறையும் முகமூடியும் போட்டு வேலை செய்யுங்கள், உடம்பெல்லாம் அரிக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கூரை தகரம் இல்லாமல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட்டாக இருந்தால், வெள்ளை அடிக்கிறேன் என்று வயர் பிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள், துளையும் போடாதீர்கள். அந்த நார் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. மேலே ஏறி மிதிக்கவும் கூடாது, உடைந்து ஆள் உள்ளே விழுவார்.

ஏசி பற்றி: ஸ்ப்ரே பெயின்ட், தின்னர் வேலை செய்கிற இடத்தை ஏசிக்காக அடைத்து வைக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சின் ஓட்டுவது அதைவிட மோசம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

மரச்சீவல்:

சரி, தெர்மோகோல் யோசனையை இத்துடன் விட்டுவிட்டேன். வெள்ளை அடிக்கிறேன். ஒரு நண்பர் அலுமினிய ஃபாயில் ஒட்டிய பபிள் ஷீட் ஒரு ரோல் மிச்சம் இருக்கிறது என்கிறார். அதை நேராக ஷீட்டின் அடியில் ஒட்டிவிடலாமா? பளபளப்புப் பக்கம் மேலேயா, கீழேயா? எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் எந்தப் பக்கம்?

பழைய ஸ்பேனர்:

ஒட்டாதீர்கள். ஃபாயில் வேலை செய்ய முன்னால் காற்று இடைவெளி வேண்டும். பளபளப்புப் பக்கத்தைத் தகரத்தோடு ஒட்டிவிட்டால் சூடு நேராகக் கடந்து வந்துவிடும். ஷீட்டைத் தாங்கும் சி சேனல்களின் அடியில் கம்பி இழுத்து, அதன் மேல் விரியுங்கள். ஷீட்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் தானாகக் கிடைக்கும். பளபளப்புப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தாலும் முதல் வருடம் வேலை செய்யும், அப்புறம் தூசி படிந்தால் அது வெறும் தாள்தான். கீழ்ப்பக்கம் தூசி தங்காது. சுத்தமான அலுமினியப் பரப்பு, அதே சூட்டில் ஒரு கறுப்புப் பரப்பு விடுவதில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கதிராக விடும், அதனால் தலைக்கு மேல் அது சூடாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இரண்டு நுனியிலும் ஒரு கை அகலம் திறந்து விடுங்கள், நடுவில் மாட்டிய காற்று ஓடட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஃபாயிலில் மின்சாரம் பாயும். லைட் வயர் எங்கேயாவது தோல் உரிந்து ஃபாயிலில் பட்டால் கூரை முழுக்க ஷாக். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள், வயரையெல்லாம் பைப்புக்குள் போடுங்கள். ஒன்று சொல்ல மறந்தேன்: உங்கள் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஃபாயிலில் காட்டினால் தப்பான எண்ணைச் சொல்லும். ஒரு துண்டு காகித டேப் ஒட்டி, அதன் மேல் அளவெடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேனை ஷட்டருக்கு எதிர்ச் சுவரில், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே வையுங்கள். காற்று உள்ளே வருவது நிழல் பக்கத்திலிருந்து, தாழ்வாக வரட்டும். நுழைகிற வழி ஃபேனின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் போடுவதைப் பார்த்திருக்கிறேன், பாட்டிலை உறிஞ்சுகிற மாதிரி.

அளவு: உங்கள் ஷெட் 2,400 கன அடி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை காற்று முழுக்க மாற வேண்டுமானால் நிமிடத்துக்கு 1,200 கன அடி. இப்போதுள்ள கூரையோடு, அந்த 4 கிலோவாட்டை இந்த ஃபேன் மட்டும் வெளியேற்ற வேண்டுமானால், உள்ளே வெளியைவிட 6 டிகிரி கூடவேதான் இருக்கும். ஷட்டரைத் திறந்து வைத்து உங்களுக்கு இப்போது கிடைப்பதும் அதே 6 டிகிரிதான்! கூரையிலேயே அதை ஒரு கிலோவாட்டாகக் குறைத்துவிட்டால், அதே ஃபேனுக்கு வித்தியாசம் ஒன்றரை டிகிரி. அதனால்தான் கூரை முதலில், ஃபேன் அப்புறம்.

கம்ப்ரஸர் இருந்தால் அதை வெளியே நிழலில் வையுங்கள். உள்ளே ஓடுகிற மோட்டார் குடிக்கிற மின்சாரம் ஏறக்குறைய எல்லாம் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. பைக்கை ஓட்டி வந்த கையோடு உள்ளே தள்ளாதீர்கள், அரை மணி வெளியே ஆறட்டும்.

அதிகாலைக்காரி:

எல்லோரும் கூரையையே பார்க்கிறீர்கள், நான் தரையைப் பார்க்கிறேன். நான் தையல் மெஷின் சர்வீஸ் செய்பவள், எனக்கும் இதே மாதிரி ஷெட்தான். அண்ணா, மூன்று மணிக்கு உங்கள் தரை 34 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஷெட்டிலேயே குளிர்ச்சியான பொருள் அதுதான். நாலு அங்குலக் கான்கிரீட் என்று வைத்துக்கொண்டால், 20க்கு 12 அடித் தளம் ஒரு டிகிரி ஏற 1.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டைக் குடிக்க வேண்டும். ராத்திரி ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்டை ஓடவிட்டு அதைக் குளிரவைத்துவிட்டால் காலையில் அதுவே உங்கள் கூலர். நான் டைமர் வைத்திருக்கிறேன், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஓடும். வெளியே காற்று உள்ளேயைவிடச் சூடாகிற நேரத்தில் எல்லாவற்றையும் சாத்திவிடுவேன். என் ஷெட்டில் அது ஒன்பது மணிக்கு. கூரை அடங்காதவரை இந்தச் சாத்துகிற வேலை உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சை ஷட்டர் ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்துங்கள். கார்ட்லெஸ் பேட்டரி, ஃபெவிக்விக், எபாக்ஸி எல்லாவற்றையும் வீட்டுக்குள் வையுங்கள். பத்து டிகிரி ஏறினால் எபாக்ஸியின் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். கப்பில் குவித்து வைக்காமல் அகலமான தட்டில் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

எண் எல்லாம் இருக்கட்டும், தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு கொதிக்க வேர்வை நின்றுபோனாலோ ரம்பத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே வாருங்கள். உடம்பை நனைத்து, ஆளைக் கூப்பிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது.

மரச்சீவல்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பாதியில் காணாமல் போகிறவன் இல்லை நான்.

முதல் நாள் பெயின்ட் அடித்ததில் ஒரு பகுதி தோல் உரிவது போல உரிந்து வந்தது. விடியற்காலையில் ஷீட் பனியில் நனைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை, தூசியையும் சரியாகக் கழுவவில்லை. மூன்று நாள் விட்டு, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, காயவிட்டு, திரும்ப அடித்தேன். சாயந்திர வெயில் அடங்கிய பிறகுதான் இரண்டாவது கோட். அந்த வெள்ளையின் கூச்சத்தில் கறுப்புக் கண்ணாடி போடாமல் மேலே நிற்க முடியவில்லை, இதை யாரும் சொல்லவில்லை!

வெள்ளை மட்டும் அடித்த மறுநாள், அதே மூன்று மணிக்கு வெளியே 38 இருக்கும்போது, ஷீட்டின் அடிப்பக்கம் 47. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று என் உள்ளங்கையில் காட்டிப் பார்த்தேன், 34. சரிதான். டக் டக் சத்தம் இப்போதும் வருகிறது, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக.

ஃபாயில் விரிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் முறை கம்பி தொய்ந்து, ஒரு நுனி ட்யூப் லைட்டின் மேல் வந்து விழுந்தது. மெயின் அணைத்திருந்ததால் பிழைத்தேன், ஸ்பேனர் அண்ணனுக்கு நன்றி. இப்போது வயர் எல்லாம் பைப்புக்குள். ஃபாயிலில் டேப் ஒட்டி அளந்தால் 41. எக்ஸாஸ்ட் பின் சுவரில் மேலே ஓடுகிறது. பெஞ்சுக்கு மேல் காற்று 39.5. முன்பிருந்த 44க்கும் இதற்கும் நாலரை டிகிரிதான் வித்தியாசம் என்று எழுதும்போது கொஞ்சமாகத் தெரிகிறது. உள்ளே நின்றால் அப்படித் தெரியவில்லை. உச்சந்தலையில் யாரோ கை வைத்து அழுத்திக்கொண்டிருந்து எடுத்துவிட்டது போல இருக்கிறது. சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டேன். பெடஸ்டல் ஃபேன் முதுகுப் பக்கம் நிற்கிறது, மரத்தூள் முகத்துக்கு வராமல்.

இரவு டைமர் யோசனையையும் பிடித்துக்கொண்டேன். காலை ஏழு மணிக்குத் தரை 28. வெறுங்காலோடு நிற்க ஆசையாக இருக்கிறது, உளி விழும் என்ற பயத்தில் செருப்பைக் கழற்றுவதில்லை.

மிச்சம் ஷட்டர்தான். மூன்று மணிக்கு மேல் மூடினால் அதே 52. உள்பக்கம் ஒரு தார்ப்பாய் தொங்கவிட்டுப் பார்த்தேன். தார்ப்பாய் சூடானது, அவ்வளவுதான்.

பழைய ஸ்பேனர்:

வெயில் இரும்பில் பட்ட பிறகு உள்ளே எதைத் தொங்கவிட்டும் பெரிதாகப் பயனில்லை. வெளியே தடுக்க வேண்டும். ஷட்டருக்கு ஒரு அடி முன்னால், 75 சதவீத நிழல்வலையைச் சாய்வாகக் கட்டுங்கள். மேலே இரண்டு கொக்கி, கீழே இரண்டு. மதியம் மாட்டு, இரவு கழற்று. வலைக்குள் காற்று ஓடும், ஷட்டரையும் பாதி திறந்து வைத்துக்கொள்ளலாம்.

மரச்சீவல்:

கொக்கி வாங்கி வைத்திருக்கிறேன் அண்ணா. டிரில் பேட்டரி வீட்டுக்குள் இருக்கிறது, எடுத்து வந்ததும் துளை போடுகிறேன். வலை கட்டிய பிறகு ஷட்டர் எத்தனை டிகிரி என்று இங்கேயே எழுதுகிறேன்.